ரயில் இல்லாத ஸ்டேஷன்

போடிநாயக்கனூருக்கு வடமேற்கே, 5,500 அடிக்கு மேல், மலை விளிம்பில் இருக்கிறது ஒரு சிற்றூர். பெயர் டாப் ஸ்டேஷன். பெயர்தான் ஸ்டேஷன்; டிக்கெட் ஜன்னலும் கிடையாது, தண்டவாளமும் கிடையாது. மேகக் கூட்டத்தைக் கண்டு களிக்க வரும் உல்லாசப் பிரயாணிகளில் பலர் பெயர்க் காரணம் கேட்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

ஆனால் ரயில் இங்கே வந்தது உண்மை!

மூணாறில் விளைந்த தேயிலையைச் சமவெளிக்கு இறக்க, 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒரு விநோத ரயில் போட்டார்கள். அதற்கு ஒரே தண்டவாளம். சிறு சக்கரங்கள் அதன்மீது உருளும்; வண்டி சாயாதபடி பெரிய சக்கரம் ஒன்று பக்கத்துத் தரையில் ஓடும். இஞ்சின்? காளை மாடுகள்தான்! 1908-ல் அதை எடுத்துவிட்டு, இரண்டடி அகல ரயில் பாதை போட்டார்கள். நீராவி இஞ்சின் வந்தது.

இருபது மைல் வந்த ரயில் மலை விளிம்பில் நின்றுவிடும். அதற்கு மேல் தேயிலைப் பெட்டிகளுக்கு ஆகாய மார்க்கம். மூன்று மைல் ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். மேலே டாப் ஸ்டேஷன், கீழே பாட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து போடிக்கு மாட்டு வண்டி.

1924 ஜூலையில் பெய்த பேய்மழை எல்லாவற்றையும் கலைத்தது. மலையாள ஆண்டு 1099 என்பதால், கேரளத்தில் அதை இன்றும் '99 வெள்ளம்' என்பார்கள். தண்டவாளம் அடித்துச் செல்லப்பட்டது. மறுபடி போடப்படவே இல்லை.

நான்கே ஆண்டில், 1928-ல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்து சேர்ந்தது. மலையில் ஓடிய ரயிலும் அடிவாரத்துக்கு வந்த ரயிலும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை! போடி ரயிலும் அகலப் பாதைக்காக 2010 முடிவில் நிறுத்தப்பட்டு, 2023 ஜூனில்தான் திரும்பியது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. டாப் ஸ்டேஷன் இருப்பது தேனி மாவட்டத்தில். ஆனால் போடியிலிருந்து காரில் போகிறவர்கள் போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் புகுந்து, மூணாறைச் சுற்றிக் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் போகவேண்டும். தேயிலைப் பெட்டிக்குக் கிடைத்த குறுக்கு வழி மனிதனுக்குக் கிடைக்கவில்லை. நேராக ஏற வேண்டுமானால், குரங்கணியிலிருந்து காட்டுப் பாதையில் நடக்கவேண்டியதுதான். வழியில் ஒரு குக்கிராமம் வரும். அதன் பெயர் சென்ட்ரல் ஸ்டேஷன்.