தொண்ணூறாம் நாள் அந்தக் கை எப்படி இருக்கிறது?

“பேசிட்டே இருந்தாருங்க, திடீர்னு ஒரு கை, ஒரு கால் வரல. வாய் கோணிப் போச்சு.” கொங்கு வட்டாரத்தில் எந்த ஊரிலிருந்து 108-க்கு இப்படி அழைப்பு போனாலும், அடுத்து நடக்க வேண்டியது என்ன என்பதில் மருத்துவர்களுக்குக் குழப்பமில்லை. ஸ்கேன் எடுக்க வேண்டும். ரத்தக் குழாய் அடைப்பால் வந்த பக்கவாதம் என்றால், நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடப் பார்க்க வேண்டும். அந்த நேரமெல்லாம் கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். சில நாள் கழித்து ஸ்கேன் பிலிம், டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போக, நோயாளி சோமனூருக்கோ காங்கேயத்துக்கோ கிளம்புகிறார். பெரும்பாலும் அதோடு எழுத்து நின்றுவிடுகிறது.

விசைத்தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த அந்த வலது கை மீண்டதா? எத்தனை மாதத்தில்? எந்தப் பயிற்சியால்? கோவையில் பெரிய மருத்துவமனைகளுக்கும் குறைவில்லை, பிசியோதெரபி படித்தவர்களுக்கும் குறைவில்லை. ஆனால் தேறியவர் கதையும் தேறாதவர் கதையும் அந்தந்த வீட்டுத் திண்ணையோடு தங்கிவிடுகின்றன. அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்தால்தான் அடுத்த நோயாளிக்கு உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும்.

ஏனென்றால், இரண்டு பேருக்கு ஒரே மாதிரி மூளை பாதிக்கப்படுவதில்லை. ஒரு மருத்துவமனையின் சில டஜன் நோயாளிகளை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சூக்-லெய் லியூ தலைமையிலான குழு இதற்கு ஒரு வழி கண்டது. பல நாட்டு ஆய்வுக் கூடங்களில் கிடந்த எம்.ஆர்.ஐ. படங்களை வாங்கி, மூளையில் செத்துப்போன பகுதியை ஒவ்வொரு அடுக்காகக் கையாலேயே கோடிட்டு வரைந்தார்கள். பொறுமையைச் சோதிக்கிற வேலை அது. அட்லஸ் என்ற பெயரில் 2018-இல் 304 படங்களோடு தொடங்கிய அந்தத் தொகுப்பு, 2022-இல் 1,271 ஆக வளர்ந்தது. தலை ஸ்கேனிலிருந்து முகத்தையே மறுபடி உருவாக்கிவிட முடியும் என்பதால், முகப் பகுதியை அழித்துவிட்டுத்தான் படங்களைப் பகிர்கிறார்கள். பாதிப்பைத் தானே கண்டறியும் மென்பொருள்களை உலகெங்கும் இன்று இந்தத் தொகுப்பிலும் பழக்குகிறார்கள்.

இந்தியாவிலும் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வுகள் உண்டு. அவற்றில் அட்டெண்ட் ஆய்வை நான் பெரிதாக நினைக்கிறேன். நம் ஊரில் பிசியோதெரபிஸ்டுகள் போதாது, குடும்பத்தில்தான் ஆள் இருக்கிறது. அப்படியென்றால் மனைவிக்கோ மகனுக்கோ மருத்துவமனையிலேயே பயிற்சி கொடுத்து, வீட்டில் தொடரச் சொன்னால் என்ன? கேட்ட எவருக்கும் சரியென்று பட்ட யோசனை. 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்கள். 2017-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்பவர்களும் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 47 சதவீதம், பெறாத குடும்பங்களிலும் 47 சதவீதம்.

வேதனையான முடிவுதான். ஆனாலும் எத்தனை மருமகள்களின் தோளில் ஏறவிருந்த சுமையை அது தடுத்தது என்று யோசித்துப் பாருங்கள்! “நீங்க சரியாப் பண்ணியிருந்தா மாமா எந்திரிச்சிருப்பாரு” என்ற பழி, ஆதாரமே இல்லாமல் அவர்கள்மேல் விழுந்திருக்கும்.

அடுத்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜெயராஜ் பாண்டியன் முன்னின்று நடத்திய ஸ்பிரிண்ட் இந்தியா ஆய்வு. 31 மையங்கள், 4,298 நோயாளிகள், 12 மொழிகளில் குறுஞ்செய்தி, வீடியோ, பயிற்சிப் புத்தகம். மறுபடி பக்கவாதம் வருவதை இவை குறைக்கவில்லை. ஆனால் மாத்திரையை விடாமல் போடும் பழக்கம் கூடியது.

எத்தனை பேருக்கு வருகிறது என்ற கணக்கையும் எடுக்கிறார்கள். ஐ.சி.எம்.ஆரின் மக்கள்தொகைப் பக்கவாதப் பதிவேடு நாட்டில் ஐந்து இடங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதற்கு வாய்த்த இடம் திருநெல்வேலி. ஐந்து இடங்களையும் சேர்த்து, 2018, 2019 ஆண்டுகளில் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு சுமார் 138 பேருக்கு முதல் பக்கவாதம் வந்ததாகக் கண்டார்கள். அந்த ஐந்தில் கொங்கு இல்லை.

தேறுவதை எப்படி அளப்பது? நியூசிலாந்தின் கேத்தி ஸ்டினியர் குழு காட்டிய வழி எளிமையானது. பக்கவாதம் வந்த மூன்று நாளுக்குள், “தோளிலிருந்து கையைப் பக்கவாட்டில் தூக்குங்க, விரலை நீட்டுங்க” என்று சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுகிறார்கள். இரண்டும் சேர்ந்து ஐந்து அல்லது அதற்கு மேல் வந்தால், மூன்று மாதத்தில் கை ஓரளவுக்காவது நன்றாக வேலை செய்யும் என்று எதிர்பார்க்கலாம். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

ஆனால் மேல்நாட்டுப் படிவங்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சாப்பிட முடிகிறதா என்று கேட்டால் போதாது, சோற்றைப் பிசைந்து விரல்களால் எடுத்து வாய்க்குக் கொண்டுபோக முடிகிறதா என்று கேட்க வேண்டும். கொசுவம் வைத்துச் சேலை கட்ட முடிகிறதா, வேட்டி இடுப்பில் நிற்கிறதா, தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா, குந்தி உட்காரும் கழிப்பறைக்குத் துணையில்லாமல் போக முடிகிறதா, உயரமான வாசற்படியைத் தாண்ட முடிகிறதா? எங்கள் அம்மிச்சிகளும் அப்பாருகளும் தேறியதை இப்படித்தான் சொல்வார்கள். உலக அளவுகோலோடு இந்தக் கேள்விகளும் சேர்ந்தால்தான் அந்தத் தரவு நமக்கும் உதவும்.

இதைச் செய்ய ஆள் எங்கே என்று கேட்பவர்களுக்கு: 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருகிறார். படுத்த படுக்கையாய் இருப்பவரின் கையைப் பிடித்துப் பார்க்கும் அந்த மனிதரிடம் நாலு கேள்வியும் இரண்டு மதிப்பெண்ணும் கொண்ட ஒரே மாதிரியான படிவம் இருக்கட்டும். ஏழாம் நாள், முப்பதாம் நாள், தொண்ணூறாம் நாள், ஆறாம் மாதம் என்று நிரப்பட்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரியும் தனியார் மருத்துவமனைகளும் அதே படிவத்தை ஏற்று, பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு ஒரே இடத்தில் சேர்க்கலாம். நோயாளியின் சம்மதம் இல்லாமல் எதுவும் போகக் கூடாது. பேச்சு போனவராக இருந்தால் தலையசைப்புக்காகக் காத்திருக்க வேண்டும், மகன் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஆயிற்று என்று விட்டுவிடக் கூடாது.

அந்த ஏற்பாடு வரும்வரை குடும்பத்தாரே செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. கிளம்பும்போது ஸ்கேன் பிலிமோடு, படங்கள் பதிந்த சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். பக்கவாதம் வந்த தேதியையும் நேரத்தையும் ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். பிசியோதெரபிஸ்டைத் தேதி போட்டு மதிப்பெண் எழுதச் சொல்லுங்கள். பழைய வேலைகளில் எது எந்த வாரம் திரும்பியது என்பதையும் அதிலேயே குறியுங்கள். அடுத்த முறை டாக்டர் “எப்படி இருக்கு?” என்று கேட்கும்போது, “முன்னைக்கு இப்போ பரவால்லைங்க” என்பதோடு நிறுத்தாமல் அந்த நோட்டையும் நீட்டுங்கள்.