நாற்பதாவது வளைவில் மாட்டிக்கொள்ளும் சூத்திரம்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. பேருந்தில் குமட்டலை மறக்க ஒரு கணக்குப் போடலாம். வளைவின் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அதோடு அந்த எண்ணையும் 41ஐயும் கூட்டுங்கள். முதல் வளைவில் 43, அடுத்து 47, பிறகு 53, இருபதாவதில் 461. எல்லாமே பகா எண்கள். இறங்கும்போதும் 21, 22 என்று தொடர்ந்தால் 39 வரை பிசகாது. அடிவாரத்துக் கடைசி வளைவில், 40இல், 1681 வரும். அது 41 பெருக்கல் 41.

1772இல் ஆய்லர் சற்றே மாறிய வடிவில் எழுதிய சூத்திரம் இது. மாயமெல்லாம் இல்லை. எந்த முழு எண்ணைப் போட்டாலும் விடை 2 முதல் 37 வரையுள்ள எந்தப் பகா எண்ணாலும் மீதியின்றி வகுபடாது, அவ்வளவுதான். ஆகவே விடை பகு எண்ணாக வேண்டுமென்றால் குறைந்தது 1681 ஆகவாவது இருக்க வேண்டும்.

இனி 0 முதல் 99 வரை போட்டால் எத்தனை பகா எண்கள் கிடைக்கும் என்று எண்ண ஒரு நிரல் எழுதுவோம். புதிதாக எழுதுபவர் ஒவ்வொரு விடையையும் 2, 3, 4 என்று வரிசையாக வகுத்துப் பார்ப்பார். வீண் வேலை. மிகப் பெரிய விடையே 9941. அதன் வர்க்கமூலம் 100ஐத் தொடாது. 41 முதல் 97 வரையுள்ள 13 பகா எண்களால் வகுத்தால் போதும். ஒரு பொறி மட்டும் உண்டு: வகுத்தியின் வர்க்கம் விடையைத் தாண்டியதும் நிறுத்திவிட வேண்டும். மறந்தால், 41 தன்னாலேயே வகுபடுகிறது என்பதற்காக அதையும் பகு எண் என்று நிரல் தள்ளிவிடும். சரியாக ஓடினால் கிடைப்பது 86. தவறும் 14இல் ஒன்று 44 தரும் 2021. அது 43 பெருக்கல் 47.

'இங்கிருந்து இதுவரை எத்தனை?' என்ற கேள்வி பலமுறை வருமென்றால், ஒவ்வொரு படியிலும் அதுவரை கிடைத்த மொத்தத்தைப் பட்டியலில் குறித்துக்கொள்வது நல்லது. பிறகு எல்லாம் ஒரு கழித்தல்தான்.

41ஐ நான்கால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 163. இந்தச் சூத்திரத்தின் செல்வாக்கெல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. 163இன் வர்க்கமூலத்தைப் பையால் பெருக்கி, அதை இயல் மடக்கையின் அடிமானத்துக்கு அடுக்காகப் போட்டால், முழு எண்ணை ஒட்டி நிற்கும் ஒரு விடை வரும். தசமப் புள்ளிக்குப் பின் பன்னிரண்டு ஒன்பதுகள். அது முழு எண்ணேதான் என்று ராமானுஜன் ஊகித்ததாக 1975 ஏப்ரலில் மார்ட்டின் கார்ட்னர் முட்டாள்தினக் குறும்பாக எழுதினார். ராமானுஜன் அப்படிச் சொன்னதில்லை. அந்த நெருக்கத்தை 1859இலேயே கவனித்தவர் ஹெர்மிட். பெயரென்னவோ 'ராமானுஜன் மாறிலி' என்றே ஒட்டிக்கொண்டது.