சிசிஎன்ஏ தேர்வு: ‘டம்ப்ஸ்’ இல்லாமல் குறைந்த செலவில் தயாராவது எப்படி?

மேனாம்பேட்டுக்குப் பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை. டேட்டா சென்டர்களும் ஐடி அலுவலகங்களும் உள்ள வட்டாரம். நெட்வொர்க் வேலைக்கு முயல்பவர்கள் பலர் முதலில் குறிவைப்பது சிஸ்கோவின் சிசிஎன்ஏ சான்றிதழை.

கட்டணம் 300 டாலர், வரி தனி. நேரம் 120 நிமிடம். தோற்றால் 5 நாள் காத்திருந்து, மறுபடியும் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். இந்தப் பயத்தில்தான் சிலர் கசிந்த கேள்விகளின் தொகுப்பான ‘டம்ப்ஸ்’ பக்கம் போகிறார்கள்.

அதில் என்ன சிக்கல்?

மாட்டினால் சிஸ்கோ மதிப்பெண்ணை ரத்து செய்யலாம். இனி தேர்வே எழுத முடியாதபடி தடையும் போடலாம். மாட்டாவிட்டாலும், “ஒரு /26 சப்நெட்டில் எத்தனை கருவிகளுக்கு முகவரி தரலாம்?” என்று இன்டர்வியூவில் கேட்டால் மனப்பாடம் கைகொடுக்காது. கணக்கு எளிதுதான்: 32 பிட்டில் 26 போனால் மிச்சம் 6. ஆறு 2-களைப் பெருக்கினால் 64. நெட்வொர்க் முகவரி, பிராட்காஸ்ட் முகவரி இரண்டும் போக 62.

செலவைக் குறைக்க என்ன வழி?

ரவுட்டர், ஸ்விட்ச் வாங்க வேண்டாம். சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். சாதாரண லேப்டாப் போதும். பாடத்திட்டமும் சிஸ்கோ தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஐபி கனெக்டிவிட்டிக்கு மட்டும் 25 சதவீதம் என்பதால் ரூட்டிங்கை அதிகம் பழகுங்கள். சப்நெட் கணக்கு தாளில் தடுமாறாமல் வந்த பிறகு தேர்வுக்குப் பணம் கட்டினால் போதும்.

சான்றிதழ் 3 ஆண்டுக்குத்தான் செல்லும். கற்ற வேலை அதற்குப் பிறகும் கூட வரும்.