ஆணி தேடாத மரவீடு

மலாக்கா மாநிலத்து ஜாசின் மாவட்டத்தில், நமது சுங்கை ரம்பாய்க்கு அண்மையிலுள்ள மெர்லிமாவில், 1894-ஆம் வருஷத்தில் பெங்குலு அப்துல் கனி என்ற ஊர்த் தலைவர் நிர்மாணித்த மரவீடு இன்றும் நிற்கிறது. வர்ண ஓடுகள் பதித்த அதன் படிக்கட்டைக் கண்டு வியந்து படமெடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் அநேகர். தூணும் உத்தரமும் எவ்விதம் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன என்று குனிந்து நோக்குவோர் சிலரே. மலாய் மரவீட்டின் மேன்மை அதன் அலங்காரத்தைவிட அந்தச் சந்திப்புகளிலேதான் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

மலாய்த் தச்சரின் முறையைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும். செங்கால் முதலிய வைரம் பாய்ந்த மரங்களைத் தூண்களாகச் செதுக்கி, அவற்றை மண்ணில் புதைக்காமல், ஈரமும் கறையானும் எளிதில் ஏறாதபடி கல் பீடங்களின்மேல் நிறுத்துவார்கள். தூணில் ஊடுருவத் துளையிட்டு, அதன் வழியே உத்தரத்தைச் செலுத்தி, எஞ்சிய இடைவெளியில் ஆப்பை அடித்து இறுக்குவார்கள். வேறு சில இடங்களில் கழுந்தைக் குழிக்குள் பொருத்தி, இரண்டையும் சேர்த்துப் 'பாசாக்' என்னும் மரமுளையால் பூட்டுவார்கள். மழையிலும் வெயிலிலும் மரம் உப்பியும் சுருங்கியும் மாறுகின்ற இந்நாட்டில் இரும்பாணி துருப்பிடித்துப் பிடியை இழந்துவிடுகிறது. மரமுளையோ மரத்தோடு சேர்ந்தே அசைந்து கொடுக்கிறது. ஆப்பைத் தட்டிக் கழற்றினால் கூட்டே பிரிந்துவிடுமாதலால், வீட்டை அங்கம் அங்கமாகப் பிரித்து வேறிடத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் பூட்டுவதும் உண்டு. வீட்டுத் தலைவி இரு கைகளையும் விரித்து நிற்கும் அகலத்தைக் கயிற்றில் அளந்து, அதனையே கட்டடத்தின் அளவுக்கு ஆதாரமாகக் கொள்ளும் வழக்கமும் மலாய்க்காரரிடையே இருந்தது. வீட்டுக்காரரின் நட்சத்திரத்தையும் சேர்த்து ஆயாதிக் கணக்குப் பார்க்கும் நம் ஆசாரிமாரின் சம்பிரதாயத்தை அறிந்தவர்க்கு இது அந்நியமாகத் தோன்றாது.

நம்மவர்க்கும் இந்த மரவேலைக்கும் சம்பந்தம் உண்டு. மலாக்கா நகரத்துக் கம்போங் கிளிங் பள்ளிவாசலை இந்திய முஸ்லிம் வர்த்தகர்கள் 1748-இல் எழுப்பியபோது அது மரக்கட்டடமாகவே இருந்தது. 1872-இல் செங்கல்லால் திரும்பக் கட்டிய பின்னரும் அடுக்கடுக்காய் உயரும் கூரை வடிவம் மாறவில்லை. தோட்டத்து லயங்களும் ஒரு காலத்தில் பலகை வீடுகளே. ஆயினும் அவை ஆணியும் தகரமும் கொண்டு சிக்கனமாக எழுப்பியவை, ஆகையால் அவற்றை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

மலாக்காவை ஆண்ட சுல்தான் மன்சூர் ஷாவின் அரண்மனை பதினேழு அங்கணங்களோடு விளங்கிற்றென்று மலாய் வரலாற்று ஏடாகிய 'செஜாரா மெலாயு' வர்ணிக்கிறது. அவ்வர்ணனையை ஆதாரமாகக் கொண்டு 1980-களில் மலாக்கா நகரத்தில் எழுப்பப்பட்ட மர மாளிகையில் இப்போது அருங்காட்சியகம் நடக்கிறது. ஏட்டிலுள்ள வர்ணனை அளவும் அழகும் சொல்லும். எந்தத் துளையில் எந்தக் கழுந்து என்பதைச் சொல்லாது. அதைச் சொல்ல உயிரோடு ஒரு தச்சன் வேண்டும்.

இவ்விஷயத்தில் பிரெஞ்சுக்காரர் நமக்கு முந்திக்கொண்டார்கள். 13-ஆம் நூற்றாண்டு முதலே அந்நாட்டுத் தச்சர், கூரையின் கோடுகளைத் தரையில் முழு அளவில் வரைந்து, மரங்களை அக்கோடுகளின்மேல் கிடத்தி, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, கோணலான மரமானாலும் அது மற்றொன்றைச் சந்திக்கும் இடத்தைத் துல்லியமாகக் குறித்து வெட்டுவதற்கு ஒரு சாஸ்திரத்தையே வளர்த்திருக்கிறார்கள். அந்த வரைகலையை யுனெஸ்கோ 2009-இல் மானுடத்தின் மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. 2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தின் கூரை தீக்கிரையானபோது அந்தச் சாஸ்திரம் கைகொடுத்தது. ஓக் மரங்களைக் கோடரியாலேயே செதுக்கிப் பழைய மரக்கூட்டைத் திரும்ப அமைக்க வல்ல தச்சர் அந்நாட்டில் இருந்தமையால், 2024 டிசம்பரில் ஆலயம் மீண்டும் திறந்தது.

மலாக்கா நகரமும் 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றதுதான். அங்கே பிரதானமாய்ப் பாதுகாப்புப் பெற்றவை கட்டடங்களும் தெருக்களும். பிரான்ஸிலோ தச்சனின் வித்தைக்கே அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. வீட்டைச் சுற்றி வேலி போட்டுக் காப்பது சுலபம். அவ்வீட்டைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகளைக் காப்பது கடினம், அதற்குச் செலவும் பொறுமையும் வேண்டும். கைகள் போய்விட்டால், கறையான் அரித்த ஒரு தூணை மாற்றுவதற்குக்கூடச் சிமெண்டைத் தவிர வேறு கதியிராது.

ஜாசின் வட்டாரத்தில் இழைப்புளியும் உளியும் பிடித்துத் தழும்பேறிய முதியவர்கள், மலாய்க்காரராயினும் தமிழராயினும், எவரேனும் உங்களுக்குத் தெரிந்தவராயிருந்தால், எந்த மரத்தை எதற்குத் தேர்ந்தார்கள், எந்தச் சந்திப்பை எப்படி வெட்டினார்கள் என்று கேட்டு, படத்தோடு எழுதி வையுங்கள். நம் பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களைக்கொண்டு இந்தக் காரியத்தை இந்த வருஷ விடுமுறையிலேயே ஆரம்பிக்கலாம்.