பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் எத்தனை முறை தாய்ப்பால் கொடுப்பது?

முதல் சில வாரங்களில் உங்கள் குழந்தைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை தாய்ப்பால் தேவைப்படும். இரவு நேரமும் இதில் அடங்கும். சராசரியாக இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. ஆனால் குழந்தைக்குக் கடிகாரம் பார்த்துப் பசி எடுப்பதில்லை. மாலையில் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு முறை பால் கேட்டுவிட்டு, பிறகு மூன்று மணி நேரம் தூங்கலாம். இது இயல்பானது. இடைவெளியைக் கணக்கிடும்போது, முந்தைய முறை பால் கொடுக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து எண்ணுங்கள். முடித்த நேரத்திலிருந்து அல்ல.

பிறந்த அன்று குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி சீம்பால்தான். அப்போது அதன் வயிற்றுக்கு அது போதும். பொதுவாக இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் பால் அதிகமாகச் சுரக்கத் தொடங்கும். குழந்தை அடிக்கடி சப்பிக் குடித்தால்தான் சுரப்பு கூடும். "பால் பத்தவில்லை, பால் மாவு கொடு" என்று வீட்டுப் பெரியவர்கள் அக்கறையோடு சொல்லக்கூடும். மருத்துவக் காரணம் இல்லாமல் பால் மாவு கொடுத்தால், குழந்தை மார்பில் குடிப்பது குறையும். பால் சுரப்பும் குறைந்துவிடும்.

அழும்வரை காத்திருக்காதீர்கள்

வாயைத் திறப்பது, தலையைப் பக்கவாட்டில் திருப்பித் தேடுவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது ஆகியவை பசியின் தொடக்க அறிகுறிகள். அழுகை கடைசியாக வருவது. அழும் குழந்தையை முதலில் அமைதிப்படுத்த வேண்டியிருக்கும். அதற்குள் அது களைத்துத் தூங்கிவிடவும் கூடும்.

"நல்ல பிள்ளை, தூங்கிக்கொண்டே இருக்கிறது"

இப்படிச் சொல்லப்படும் குழந்தையைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பிறந்த முதல் வாரத்தில் பல குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை வருகிறது. மஞ்சள் காமாலை உள்ள குழந்தை அதிகம் தூங்கும், குறைவாகக் குடிக்கும். குறைவாகக் குடித்தால் மலம் குறையும். மலத்தோடு வெளியேற வேண்டிய மஞ்சள் நிறப்பொருள் உடலில் தங்கிவிடும். அதனால் காமாலை கூடி, குழந்தை இன்னும் அதிகமாகத் தூங்கும். அது மிகவும் கூடினால் மூளையைப் பாதிக்கலாம்.

எனவே குழந்தை பிறந்தபோது இருந்த எடையைத் திரும்ப எட்டும்வரை, மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பிப் பால் கொடுங்கள். துணியைக் கழற்றி, உங்கள் வெறும் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள், டயாப்பரை மாற்றுங்கள், உள்ளங்காலை மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். பின்னிரவில் இது கடினமான வேலைதான். எழுப்புவதையும் டயாப்பர் மாற்றுவதையும் கணவரோ பாட்டியோ செய்யலாம்.

தண்ணீர், சீனித் தண்ணீர், தேன் எதையும் கொடுக்க வேண்டாம். தண்ணீர் காமாலையைக் குறைக்காது. வயிற்றை நிரப்பிப் பால் குடிப்பதைத்தான் குறைக்கும். தேன் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆபத்தானது. காலை வெயிலில் காட்டுவதும் காமாலைக்குச் சிகிச்சை ஆகாது. பலதுறை மருந்தகத்தில் காமாலைப் பரிசோதனைக்குக் கொடுத்த தேதியைத் தவறவிடாதீர்கள்.

பால் போதுகிறதா என்று எப்படித் தெரியும்?

டயாப்பரைப் பாருங்கள். முதல் நாள் குறைந்தது ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று நனைந்த டயாப்பர்களின் எண்ணிக்கை கூட வேண்டும். ஐந்து, ஆறு நாட்களில் அது ஒரு நாளுக்கு ஆறு அல்லது அதற்கு மேல் ஆகிவிடும். கறுப்பு மலமும் ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். குடிக்கும்போது விழுங்கும் சத்தம் கேட்பது நல்ல அறிகுறி. முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைவது வழக்கம். இரண்டு வாரங்களுக்குள் பிறந்த எடை திரும்பிவிடும்.

நனைந்த டயாப்பர்கள் குறைந்தாலோ, ஐந்தாம் நாளிலும் மலம் கறுப்பாக இருந்தாலோ, மஞ்சள் நிறம் வயிறு, கால் வரை பரவினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பால் கொடுக்கும்போது தொடர்ந்து வலித்தால் தாதியிடமோ பாலூட்டல் ஆலோசகரிடமோ சொல்லுங்கள். குழந்தை மார்பைப் பிடிக்கும் விதத்தைத் திருத்தினாலே பெரும்பாலும் சரியாகும். தொடர்ந்து இரண்டு வேளை பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை எட்டினாலோ உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். எவ்வளவு முயன்றும் குழந்தையை எழுப்ப முடியாவிட்டால் 995ஐ அழையுங்கள்.