துளை சரியாக இருந்தால்தான் போல்ட் நிற்கும்

எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியிலிருந்து மூட்டை ஏற்றிப் புறப்படும் லோடு வண்டியின் பாடியும், அதைத் தாங்கும் சேஸும், வயலில் டிராக்டர் இழுக்கும் கலப்பையும் நட்டு போல்ட்டால் பிணைந்தவை. போல்ட் என்ன தரம் என்று கடையில் விசாரிக்கிறோம். அது நுழையப்போகும் துளையைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை.

விசாரிக்க வேண்டும். கழன்று விழுந்த பல போல்ட்டுகளின் குற்றம் துளையில்தான் இருக்கிறது.

ட்ரில் பிட்டின் நடுமுனை இரும்பை வெட்டுவதில்லை, அழுத்தித் தள்ளத்தான் செய்யும். அதனால்தான் வழவழப்பான தகட்டில் வைத்ததும் நழுவி ஓடுகிறது. சென்டர் பஞ்சால் ஒரு குழி அடித்துவிட்டால் முனை அதில் உட்கார்ந்துகொள்ளும். பெரிய துளை என்றால் முதலில் சிறிய துளை. மழுங்கிய பிட்டைக் கையால் சாணை பிடிக்கும்போது கவனம் தேவை: பொதுவான பிட்டின் முனைக்கோணம் 118 பாகை, அதன் இரு வெட்டுவாய்களும் சமநீளம் இல்லையென்றால் 10 மி.மீ. பிட்டும் 10-ஐத் தாண்டிய துளையைத்தான் போடும்.

அடுத்தது அளவு. எம்10 போல்ட் தாராளமாக நுழைந்து மறுபக்கம் நட்டு பிடிக்க 11 மி.மீ. துளை. அதே போல்ட்டுக்கு இரும்பிலேயே மரை வெட்ட 8.5 மி.மீ. அதை 8 ஆகக் குறைத்தால் டேப் இறுகி உள்ளேயே முறியும். டேப் கடினமாக்கப்பட்ட எஃகு என்பதால், முறிந்த துண்டைச் சாதாரண பிட்டால் தொடக்கூட முடியாது. ஒரு பாகமே வீணாகலாம். 9 ஆகக் கூட்டினாலோ மரை மேலோட்டமாக விழுந்து, இறுக்கும்போது வழுக்கிவிடும். அரை மில்லிமீட்டருக்குள் இத்தனை சங்கதி!

அசையாமல் பொருந்த வேண்டிய பின்னுக்கு ட்ரில் மட்டும் போதாது. 9.8 மி.மீ. துளையிட்டு, மிச்சத்தை ரீமரால் சீவி 10-க்குக் கொண்டுவருகிறார்கள். ரீமரை வெளியே எடுக்கும்போதும் பின்னோக்கிச் சுற்றக் கூடாது. வாய் மழுங்கி, துளையின் சுவரும் கீறிப்போகும்.

அவசரத்தில் விட்டுப்போவது பிசிறு எடுப்பது. பிட் வெளியேறும் பக்கம் விளிம்பில் கூரான பிசிறு நிற்கும். அதன் மேலேயே வாஷரைப் போட்டு முறுக்கினால் இறுகியதுபோலத்தான் தெரியும். வண்டி ஓடி அதிர அதிரப் பிசிறு நசுங்கும், இறுக்கம் குறையும், நட்டு தளரும். கவுண்டர்சிங்க் பிட்டை ஒரு சுற்று சுற்றினால் தீர்கிற வேலை இது.

விளிம்பை அளவுக்கு மீறிக் குழித்தாலும் ஆபத்துதான். 1988 ஏப்ரல் 28 அன்று, ஹவாய் தீவுகளில் ஹிலோவிலிருந்து ஹோனலூலுவுக்குப் பறந்த அலோஹா விமான நிறுவனத்தின் போயிங் 737, சுமார் 24,000 அடி உயரத்தில் மேற்கூரையின் ஒரு பெரிய பகுதியை இழந்தது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். தகடுகளை ஒட்டியிருந்த பசை விட்டுப்போனதால் பாரம் முழுவதும் ரிவெட்டுகள் மேல் விழுந்திருந்தது. ரிவெட்டின் தலை பதிய, ஒரு மி.மீ.கூட இல்லாத தகட்டை முழுத் தடிமனுக்கும் குழித்திருந்தார்கள். கத்திபோல் கூராகிப்போன அந்தத் துளைவிளிம்புகளில்தான் விரிசல்கள் தொடங்கின.

வண்டிப் பாடிக்கு மெல்லிய தகடு அடிப்பவர்களுக்கும் இது பொருந்தும். தலை பதிகிற ரிவெட் பார்க்க அழகுதான். ஆனால் தகட்டின் தடிமனில் மூன்றில் இரண்டு பங்குக்குள் குழி அடங்காவிட்டால், தலை வெளியே நிற்கும் ரிவெட்டையே கேட்டு வாங்குவது நல்லது.