போத்தலுக்கு முன் ஒரு பரிசோதனை

வெள்ளவத்தையில் காலி வீதியோரப் பாமசியொன்றில் எனக்கு முன்னால் நின்றவர், கொட்டாஞ்சேனையில் எங்களுக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை. கலியாணம் முடித்து நாலு வருடம். கையில் ஒரு போத்தல். லேபலில் 'ஆண்களுக்கான அன்டிஒக்சிடன்ட்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. என்னைக் கண்டதும் மறைக்கப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நானா, இது நல்லமா? ஆறு மாசமா குடிக்கிறன்" என்றார்.

"டெஸ்ட் எடுத்தீங்களா தம்பி?"

"பொஞ்சாதிக்கு எல்லாம் எடுத்தாச்சு. வயித்துல துளை போட்டு கமரா விட்டும் பாத்தாங்க. அவக்கு ஒண்டுமில்லயாம்."

தனக்கு? எடுக்கவில்லை.

அந்தப் போத்தலுக்குப் பின்னால் உள்ள விஞ்ஞானம் பொய்யல்ல. ஒட்சிசன் மிகுந்த சூழலில் மனித விந்தணுக்கள் நீந்தும் வலுவை இழப்பதையும், கற்றலேசு என்ற நொதியத்தைச் சேர்த்தால் அந்த வலு காக்கப்படுவதையும் ஜோன் மெக்லியோட் 1943இலேயே காட்டிவிட்டார். உடலில் ஒட்சிசன் எரியும்போது சில தாக்கும் மூலக்கூறுகள் உண்டாகின்றன. அவை கட்டுக்கு மேல் பெருகுவதே ஒட்சியேற்ற அழுத்தம். விந்தணு இதற்கு இலகுவில் இரையாகும். அதன் மென்சவ்வில் எளிதில் கெட்டுப்போகும் கொழுப்பமிலங்கள் அதிகம். நீந்துவதற்காகத் தன் உடற்சரக்கையெல்லாம் உதறிவிட்டு மெலிந்த கலம் என்பதால், பாதுகாக்கும் நொதியங்களும் குறைவு. சவ்வு கெட்டால் நீச்சல் தளரும். உள்ளே டீஎன்ஏ இழையும் அறுபடலாம். புகைத்தல், தொற்று, விரைப்பையில் கூடும் வெப்பம் எல்லாம் இந்தத் தாக்கத்தை வளர்க்கின்றன.

அப்படியானால் எதிர்ப்பொருளை விழுங்கினால் சரிதானே? நானும் ஒரு காலம் அப்படித்தான் நினைத்தேன்.

2020இல் அமெரிக்காவிலிருந்து வெளியான பெரிய ஆய்வொன்றில் 2,370 தம்பதிகள் சேர்க்கப்பட்டார்கள். கணவர்களில் ஒரு பாதிக்கு ஆறு மாதம் தினமும் 30 மில்லிகிராம் சிங்க், 5 மில்லிகிராம் போலிக் அமிலம். மறு பாதிக்கு வெறும் மாத்திரை. உயிருடன் குழந்தை பிறந்தது முதல் பிரிவில் 34 சதவீதம், மற்றதில் 35. மருந்து குடித்தவர்களிடம் டீஎன்ஏ முறிவு குறையவில்லை, சற்றுக் கூடியிருந்தது. வயிற்றுக் கோளாறும் கூட. விற்றமின் சீ, ஈ, செலினியம், கார்னிடின் எல்லாம் கலந்து கொடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வும் அதே ஆண்டில் கைவிரித்தது. விந்தணு முட்டையைத் துளைக்கத் தயாராவதற்கே அந்தத் தாக்கும் மூலக்கூறுகள் கொஞ்சம் வேண்டும். அளவுக்கு மீறி அணைத்தால் அதுவும் கேடுதான்.

போத்தல் பயன் தராததோடு விட்டால் பரவாயில்லை. அது காலத்தைத் தின்கிறது. குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. கருவளச் சிகிச்சைக்கு வரும் ஆண்களில் மூன்றிலொருவருக்கு மேல் வெரிகோசீல், அதாவது விரைப்பை நாளங்கள் புடைத்திருக்கும் நிலை, காணப்படுகிறது. டொக்டர் கைவைத்துப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடிப்பார். அதைப் பார்க்காமல் ஆறு மாதம் கழிந்தால், மனைவிக்கும் ஆறு மாதம் வயது கூடிவிடும். மாமியின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவளும் அவள்தான்.

இத்தனைக்கும் விந்துப் பரிசோதனைக்கு ஊசியில்லை, மயக்கமில்லை. கூச்சம் ஒன்றுதான் தடை. இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்திருக்க வேண்டும். முடிவு சரியில்லையென்றால் ஒன்றோடு நிற்காமல் மீண்டும் எடுத்துப் பார்ப்பார்கள். விந்தணு உருவாக இரண்டரை மாதமளவு செல்வதால், இன்று சிகரட்டை விட்டாலும் பலன் அடுத்த வாரம் தெரியாது.

இவ்வளவையும் பாமசி வாசலில் வைத்துச் சொன்னேன். "லெப்புக்குப் போகத்தான் வெக்கமா ஈக்கி. வீட்டில எடுத்துக்கொண்டு வரலாமா நானா?" என்று கேட்டார். லெப் சம்மதித்தால் வரலாம். சட்டைப் பைக்குள், உடம்புச் சூட்டோடு, ஒரு மணித்தியாலத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து காலை நேரத்தில் வெள்ளவத்தைக்கு வருவதை நம்ப முடியாது. வீட்டுக்குக் கிட்டவே ஒரு இடம் பார்க்கச் சொன்னேன்.